தோட்டத்தில் பழம், விருந்தாளிக்குக் கலரா?

வெயில் வேளையில் ஒரு விருந்தாளி வந்து திண்ணையில் அமர்ந்தால் தமிழகக் கிராமங்களில் முதலில் நடப்பது என்ன? வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, "டேய் தம்பி, ஓடிப் போய் மாமாவுக்கு ஒரு கலர் வாங்கிட்டு வாடா" என்று கையில் காசைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பையன் ஓடும் வழியில்தான் கிணற்று மேடு இருக்கிறது. அங்கே பப்பாளி பழுத்துக் காக்கை கொத்திக் கிடக்கிறது. மாமரத்தடியில் உதிர்ந்த பழத்தை ஈ மொய்க்கிறது. வரப்போரத் தென்னையில் இளநீர் தொங்குகிறது. இவற்றையெல்லாம் தாண்டி ஓடிப் போய்ச் சர்க்கரைத் தண்ணீர், எசன்ஸ், சாயம், வாயு ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு பாட்டிலை வாங்கி வருகிறான். பழம் விளைவித்தவர் வீட்டில் பழமே இல்லாத பானம்!

இது கௌரவம் பற்றிய பேச்சு மட்டுமல்ல, கணக்கும் இதில் இருக்கிறது. பழ பானம் என்று பெயரிட்டு அப்படியே குடிக்கத் தக்கதாக விற்பதில் குறைந்தது 10 சதவீதம் பழம் இருந்தால் போதும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. எலுமிச்சை என்றால் 5 சதவீதமே போதும். அதாவது 200 மில்லி பாக்கெட்டில் பழத்தின் பங்கு 20 மில்லி. மீதிக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம். 2025 கோடையில் கிளிமூக்கு மாம்பழத்தின் விலை சரிந்து, பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. அதே வாரத்தில் அவர்கள் வீட்டுக் குழந்தைகள் பெட்டிக்கடையில் மாம்பழ பானம் வாங்கிக் குடித்திருப்பார்கள்.

நல்ல விலை கிடைக்கும் பழத்தைப் பிழிந்து பானமாக்குங்கள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. முதல் தரப் பழம் மண்டிக்குப் போகட்டும். மழையில் வெடித்த திராட்சை, சிறுத்த அன்னாசி, அடிபட்ட மாம்பழம் என்று கமிஷன் மண்டியில் தள்ளிவிடுகிற பழம் ஒவ்வொரு பறிப்பிலும் இருக்கிறதல்லவா? அதைப் பற்றியதே இந்தப் பேச்சு. அழுகியதும் பூஞ்சணம் பிடித்ததும் இந்தக் கணக்கில் சேராது, அவை எருக்குழிக்குத்தான்.

பேராசிரியர் பிழிந்த தேங்காய்ப்பால்

கரிபியன் கடலில் போர்ட்டோ ரிகோ என்று ஒரு தீவு. கரும்பும் தென்னையும் அன்னாசியும் விளைகிற ஊர். அங்கே வேளாண்மைப் பேராசிரியராக இருந்த ரமோன் லோபஸ் இரிசாரி என்பவர், தேங்காயிலிருந்து கெட்டிப் பாலைப் பிரித்துச் சர்க்கரை சேர்த்துக் கெடாமல் டப்பாவில் அடைக்கும் முறையை உருவாக்கினார். அதற்கு முன்பு ஒவ்வொரு வீட்டிலும் துருவிக் கையால் பிழிந்து கொண்டிருந்தார்கள். அந்தப் பால் 'கோகோ லோபஸ்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதை அன்னாசிச் சாற்றோடு கலந்து, அந்த ஊர் ரம் மதுவையும் ஊற்றி, பனிக்கட்டி போட்டுக் குலுக்கியதே 'பினா கொலாடா' என்று உலகம் முழுவதும் ஓட்டல்களில் கிடைக்கிற வண்ணக் கலவைப் பானம். 1954-ஆம் ஆண்டில் சான் ஹுவான் நகரிலுள்ள கரிபே ஹில்டன் ஓட்டலில் முதலில் கலந்ததாக அந்த ஓட்டல் சொல்லிக் கொள்கிறது. அதே நகரில் வேறொரு உணவு விடுதியும் உரிமை கொண்டாடுகிறது. 1978-இல் அந்தத் தீவு அதைத் தன் அதிகாரபூர்வ பானமாகவே அறிவித்துவிட்டது.

அந்தப் பெயரின் பொருள் 'வடிகட்டிய அன்னாசி', அவ்வளவுதான். அதிலுள்ள மதுவை நீக்கிவிட்டால் எஞ்சுவது அன்னாசி, தேங்காய், சர்க்கரை. மூன்றும் உழவர் விளைவிப்பவை. மூன்றும் தமிழகத்தில் விளைபவை. கொல்லிமலையிலும் குமரி மாவட்டத்திலும் அன்னாசி இருக்கிறது. தேங்காய்க்குப் பொள்ளாச்சியைச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுலா விடுதியில் இதே கலவையை மது இல்லாமல் உயரக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஓரத்தில் ஒரு அன்னாசித் துண்டைச் செருகிக் கொடுத்து வாங்குகிற விலையில், வீட்டில் ஒரு குடம் செய்துவிடலாம்.

நிறம் எங்கே இருக்கிறது?

கலர் என்ற பெயரே நிறத்தைக் காட்டி விற்பதால் வந்தது. குழந்தைகள் கேட்பதும் நிறத்தைத்தான். அதனால் வீட்டில் பானம் செய்கிறவர்களும் சாயப்பொடி டப்பாவைத் தேடுகிறார்கள். இது வேண்டாத வேலை. அனுமதிக்கப்பட்ட சாயம் என்றாலும் அதற்கு அளவு உண்டு. அந்த அளவை நிறுத்துப் போடும் தராசு வீட்டில் இல்லை. கடைத்தெருவில் பெயரில்லாமல் பொட்டலத்தில் கிடைப்பது எந்தச் சாயம் என்று யாருக்கும் தெரியாது. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் பஞ்சுமிட்டாயில் இருப்பது கண்டு 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது நினைவிருக்கலாம்.

தோட்டத்தில் இல்லாத நிறமா? மாம்பழத்தின் மஞ்சள், கோவைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-3, கோ-7 பப்பாளிகளின் செம்மை, பன்னீர் திராட்சையின் கருஞ்சிவப்பு, பீட்ரூட்டின் இரத்தச் சிவப்பு, வேலியில் படர்ந்த சங்குப்பூவின் நீலம் ஆகிய அனைத்தும் காசில்லாமல் கிடைப்பவை. ஆனால் ஒவ்வொன்றின் குணமும் வேறு. அது தெரியாததால்தான் வீட்டில் செய்த பானம் வெளுத்துப் போகிறது, "கடையில் வாங்கினது போல் இல்லையே" என்ற பேச்சும் வருகிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை எடுத்துக் கொள்ளலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. இதன் சதையில் நிறம் இல்லை; தோலில்தான் இருக்கிறது. பச்சையாகப் பிழிந்தால் வெளிறிய சாறுதான் வரும். பழத்தைக் காம்பு நீக்கி, உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, இரண்டு மூன்று முறை அலசி, கையால் நசுக்கி, எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக்க வேண்டும். கொதிக்க விடக் கூடாது. விரல் வைத்தால் பொறுக்க முடியாத சூடு போதும். தோலின் நிறம் முழுவதும் சாற்றில் இறங்கிவிடும். பிறகு மெல்லிய துணியில் வடித்து ஓர் இரவு குளிர்ந்த இடத்தில் அசையாமல் வைத்தால் மணல் போன்ற ஒரு படிவு அடியில் தங்கும். அது பழத்திலுள்ள புளிப்பு உப்பு, கெடுதலில்லை. மேலாகத் தெளிவை மட்டும் இறுத்துக் கொள்ளலாம். இரும்பு, பித்தளை, செம்புப் பாத்திரங்கள் கூடவே கூடாது. சாறு கறுத்து, களிம்புச் சுவையும் ஏறிவிடும்.

திராட்சைத் தோட்டக்காரர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. மருந்து தெளித்த பிறகு பறிப்பதற்கு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது வெளியூர்க்காரர் தின்னும் பழத்துக்கு மட்டுமல்ல. உப்புத் தண்ணீர் எல்லா மருந்தையும் எடுத்துவிடாது.

சாறிலிருந்து ஸ்குவாஷ்

சாறு அன்றைக்கே குடிக்க நல்லது. மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் ஸ்குவாஷ் ஆக்க வேண்டும். குறைந்தது 25 சதவீதம் பழச்சாறு, 40 சதவீதம் கரைபொருள் இருப்பதையே ஸ்குவாஷ் என்று விதி ஏற்கிறது. 1955-இல் வந்த பழப்பொருள் ஆணையிலும் இதுதான், அதற்குப் பதிலாக வந்த 2011 விதிகளிலும் இதுதான். கடை பாட்டிலைவிடப் பழம் இரண்டரை மடங்கு.

ஒரு லிட்டர் சாறு, ஒரு லிட்டர் தண்ணீர், ஒன்றேமுக்கால் கிலோ சர்க்கரை, 30 கிராம் சிட்ரிக் அமிலம். அளவு இவ்வளவே. தண்ணீரில் சர்க்கரையையும் அமிலத்தையும் போட்டுக் கொதிக்க வைத்து, துணியில் வடித்து, நன்றாக ஆறிய பிறகே சாற்றை ஊற்ற வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டில் ஊற்றினால் பழ மணம் ஆவியோடு போய்விடும். பிறகு எசன்ஸ் தேட வேண்டி வரும். மொத்தம் மூன்று லிட்டர் ஸ்குவாஷ் கிடைக்கும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு குளிர்ந்த நீர் விட்டுக் குடிக்க வேண்டும்.

கெடாமல் காப்பதற்குச் சேர்க்கும் பொருளில்தான் பலர் தவறுகிறார்கள். மாம்பழம், அன்னாசி போன்ற மஞ்சள் நிறச் சாறுகளுக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் ஏற்றது. கிலோவுக்கு அரை கிராமுக்கு மேல் போகக் கூடாது. மேற்சொன்ன அளவுக்கு இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. இதையே திராட்சைக்கும் நாவலுக்கும் போட்டால் அருமையாக எடுத்த செந்நிறம் கண்ணெதிரே வெளுத்துவிடும். அந்தப் பொருளிலிருந்து வெளிவரும் கந்தகவாயு சிவப்பு, ஊதா நிறங்களை அழிப்பது. எனவே திராட்சைக்கு சோடியம் பென்சோயேட் இரண்டு கிராம், மேலே சொன்ன அளவுக்கு. எதுவானாலும் ஒரு கரண்டி வெந்நீரில் தனியே கரைத்துக் கடைசியில் கலக்க வேண்டும். பென்சோயேட் புளிப்பான பானத்தில்தான் வேலை செய்யும். அதனால் "புளிப்பு அதிகம்" என்று அமிலத்தைக் குறைத்துவிடுவது கெடுவதற்கு வழி. கண்ணளவில் போடக் கூடாது. நகைக்கடையிலோ மருந்துக்கடையிலோ நிறுத்து வாங்கிப் பொட்டலமாக வைத்துக் கொள்வது நல்லது. இந்தப் பொருட்களே வேண்டாம் என்பவர்கள் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டியதுதான்.

அன்னாசியில் ஒரு சூட்சுமம் உண்டு. பச்சைச் சாற்றில் புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதிப்பொருள் இருக்கிறது. பச்சைச் சாற்றைப் பாலில் கலந்தால் திரிந்து கசப்பது அதனால்தான். சாற்றை நன்றாக ஆவி வரும் வரை சூடாக்கி ஆற வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றரைக் கிலோ பழத்தில் தோல், கண், நடுத்தண்டு போக அரை லிட்டருக்குச் சற்று மேல் சாறு வரும். அந்தத் தோலையும் தண்டையும் எறிந்துவிடாமல், நன்றாகக் கழுவியிருந்தால், இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து வெல்லம் சேர்த்துக் குடிக்கலாம். அறுப்புக்கு வந்த ஆட்களுக்கு இதைவிட நல்ல பானம் இல்லை.

குவளையில் மூன்று நிறம்

குழந்தைகளுக்கும் விருந்தாளிக்கும் கண்ணைக் கவரும்படி கொடுக்க வேண்டுமா? ஓட்டலில் நிறங்களை அடுக்கடுக்காக நிறுத்துவதில் மந்திரம் ஒன்றுமில்லை. விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பதரைப் பிரிப்பது போலத்தான் இதுவும்: கனமானது அடியில், இலேசானது மேலே. இங்கே கனத்தைக் கொடுப்பது சர்க்கரை.

கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கலக்காத திராட்சை ஸ்குவாஷ் மூன்று கரண்டி ஊற்றி, மேலே உடைத்த பனிக்கட்டியை நிரப்ப வேண்டும். பனிக்கட்டி கொதித்து ஆறிய தண்ணீரில் வீட்டில் செய்ததாக இருக்கட்டும். மீன் வண்டிக்குப் போடும் பாளத்தை உடைத்து வாங்கி வராதீர்கள். அதன் மேல் ஆற வைத்த அன்னாசிச் சாற்றைக் கரண்டியின் முதுகில் மெதுவாக வழிய விட்டால் மஞ்சளாகத் தனியே நிற்கும். நான்கைந்து சங்குப்பூவைப் பச்சைக் காம்பு நீக்கிக் கால் தம்ளர் வெந்நீரில் போட்டால் ஐந்து நிமிடத்தில் நீலம் இறங்கும். ஆறிய பின் அதை இளநீரில் கலந்து, சர்க்கரை சேர்க்காமல், அதே போல மேலே ஊற்ற வேண்டும். அடியில் கருஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள், மேலே நீலம். நீலம் அன்னாசியின் புளிப்பைத் தொடுகிற இடத்தில் ஊதாவாக மாறும். இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் மேல் பகுதி முழுவதும் குழந்தைகள் பார்த்திருக்கவே ஊதாச் சிவப்பாகிவிடும். பள்ளிக்கூடத்தில் அமிலமும் காரமும் படிக்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு பாடமும்கூட. சங்குப்பூ நிறத்துக்கு மட்டுமே. அதை மருந்தென்று சொல்லிக் கஷாயமாகக் குடிப்பது வேறு விஷயம், கர்ப்பிணிகள் தவிர்த்துவிடலாம்.

போர்ட்டோ ரிகோ பானம்தான் வேண்டும் என்றால் இன்னும் எளிது. ஒரு தேங்காயைத் துருவி முதல் பாலை மட்டும் கெட்டியாகப் பிழிந்து, 100 கிராம் சர்க்கரை போட்டு, பொங்க விடாமல் சிறு தீயில் கிளறி இறக்கி ஆற வைக்க வேண்டும். ஆற வைத்த அன்னாசிச் சாறு மூன்று பங்குக்கு இந்தப் பால் ஒரு பங்கு. மூடியுள்ள தூக்குச் சட்டியில் பனிக்கட்டியோடு போட்டு நுரை வரக் குலுக்கினால் தீர்ந்தது. ஆனால் தேங்காய்ப்பாலை ஸ்குவாஷோடு சேர்த்துப் பாட்டிலில் அடைக்க முயலக் கூடாது. டப்பாவில் அடைக்க ஆலை வேண்டும், அது வீட்டில் ஆகாது. காலையில் கலந்ததை மாலைக்கு வைக்காமல் குடித்துவிட வேண்டும்.

மது வேண்டாம் என்று ஒதுக்கினாலும் அது தானே வந்து சேரும் வழி ஒன்று இருக்கிறது. சர்க்கரை குறைந்த சாற்றை மூடி வைத்தால் இரண்டு நாளில் நொதித்து, வாயு சேர்ந்து, மூடி தெறிக்கும். கண்ணாடி பாட்டில் வெடிப்பதும் உண்டு. நுரை கட்டியதை, கள் வாடை அடிப்பதைக் "கொஞ்சம் புளித்திருக்கிறது" என்று குழந்தைக்குக் கொடுத்துவிடக் கூடாது. கொட்டிவிட வேண்டியதுதான்.

செலவும் உழைப்பும்

இவ்வளவு சர்க்கரை வாங்கும் காசுக்குக் கலரே வாங்கிவிடலாமே என்பார்கள். சர்க்கரை கிலோ 45 ரூபாய், கழிவுத் திராட்சை கிலோ 40 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், ஒரு லிட்டர் சாறுக்கு ஒன்றேமுக்கால் கிலோ பழம் சேர்த்து, அமிலம் முதலானவற்றுக்குப் பத்து ரூபாய் போட்டாலும் ஏறக்குறைய 160 ரூபாய். கிடைக்கும் மூன்று லிட்டர் ஸ்குவாஷில் பன்னிரண்டு லிட்டர் பானம், அதாவது 200 மில்லி தம்ளரில் அறுபது. தம்ளருக்கு மூன்று ரூபாய்கூட ஆகவில்லை. விறகும் பாட்டிலும் தனி. சொந்தப் பழமானால் இதில் பாதியளவே ஆகும்.

உழைப்பைப் பற்றிய கேள்வி இதைவிட நியாயமானது. களையெடுப்பும் மாட்டு வேலையும் சமையலும் ஏற்கெனவே பெண்கள் தலையில் இருக்கிறது. அதன் மேல் இதையும் ஏற்றுவதா? ஒரு முறைக்கு அரை நாள் வேலை. பழம் கழுவுவதும் அன்னாசி சீவுவதும் சாக்கைச் சுமந்து வருவதும் ஆண்கள் செய்தால் அந்த அரை நாளும் பாதியாகும். ஆண்கள் வரமாட்டார்கள் என்ற வீட்டில் இதைத் தொடங்காமல் இருப்பதே மேல். உடம்பு விஷயத்திலும் மறைக்க ஒன்றுமில்லை. ஸ்குவாஷில் பாதி சர்க்கரை. சர்க்கரை நோயாளிக்கு இது ஆகாது, சிறு குழந்தைகளுக்குத் தினமும் கொடுப்பதற்கும் இல்லை. அவர்களுக்குப் பழத்தை அப்படியே நறுக்கிக் கொடுக்கலாம், அல்லது இளநீர்.

பழப் பதனப் பயிற்சிகள் பல இடங்களில் நடக்கின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், இன்று சமுதாய அறிவியல் கல்லூரி என்று அழைக்கப்படும் மதுரை மனையியல் கல்லூரியிலும், மாவட்டங்களிலுள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கற்றுக் கொள்ளலாம். ஆனால் பயிற்சி முடிந்ததும் "தொழில் தொடங்குங்கள்" என்று சான்றிதழோடு அனுப்பிவிடும் வழக்கம் சரியல்ல. விற்கும் இடம் தெரியாமல் குழுக் கடன் வாங்கி இருநூறு பாட்டில் நிரப்பிவிட்டு, சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் சும்மா கொடுத்துத் தீர்க்கிற கதை ஒன்றிரண்டு ஊரோடு நிற்பதில்லை. முதல் ஆண்டு வீட்டுக்கு மட்டும் செய்வதே முறை. வீட்டுக்கு வருகிற விருந்தாளி, அக்கம்பக்கத்துக் காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா என்று பழகி, கேட்டு வாங்க நாலு பேர் வந்த பிறகு விற்பனையைப் பற்றி யோசிக்கலாம். விற்பதென்றால் சிறு அளவானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவை. பாட்டிலில் தயாரித்த நாளும் சேர்த்த பொருளும் எழுதி ஒட்ட வேண்டும்.

பாட்டில் விஷயம் கடைசியாக. பழைய பாட்டிலானால் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் கழுவி, அகன்ற பாத்திரத்தில் அடியில் துணி விரித்துக் குளிர்ந்த தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி அரை மணி நேரம் கொதிக்க விட்டு, கவிழ்த்து உலர்த்த வேண்டும். மண்ணெண்ணெய், பூச்சி மருந்து இருந்த பாட்டில் எத்தனை முறை கழுவினாலும் உதவாது. கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்பி மூடி, வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டும். முதல் ஈட்டில் இரண்டு பாட்டிலை யாருக்கும் கொடுக்காமல் தேதி எழுதி எடுத்து வைத்து, ஒன்றை ஒரு மாதம் கழித்தும் மற்றதை மூன்று மாதம் கழித்தும் திறந்து பாருங்கள். நிறமும் மணமும் அப்படியே இருந்து, நுரை கட்டாமல் இருந்தால் அடுத்த பருவத்தில் அளவைக் கூட்டலாம்.